‘ஃபார்மேட் பண்ணட்டுமா?’ என்று கார்டு கேட்டால்... கல்யாண வீடியோ உண்மையில் எங்கே தொலைகிறது?

முகூர்த்தம் காலை 6 முதல் 7.30 வரை. கீரப்பாளையம் பக்கம் ஒரு மண்டபம். கடைசிப் பந்தி முடிந்துவிட்டது. சீர்வரிசைச் சாமான்கள் வேனில் ஏறிக்கொண்டிருக்கின்றன. மாடி அறையில் போட்டோகிராபரின் உதவியாளர் லேப்டாப்பில் மெமரி கார்டைச் செருகுகிறார். திரையில் ஒரு சின்னப் பெட்டி எழும்புகிறது: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?

“அண்ணே, கார்டு ஓப்பன் ஆகல. ஃபார்மேட் பண்ணச் சொல்லுது.”

“எந்தக் கார்டுடா?”

“தாலி கட்டுன கார்டுண்ணே.”

இது குறிப்பிட்ட ஒரு கல்யாணத்தின் கதை அல்ல. ஆனால் புவனகிரியிலோ சேத்தியாத்தோப்பிலோ சிதம்பரத்திலோ கேமரா தொழிலில் பல வருடம் இருப்பவருக்கு இந்தப் பேச்சு புதிதாகவும் இருக்காது. அடுத்த பத்து நிமிடத்தில் அந்த அறையில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் குடும்பத்துக்குத் தாலி கட்டிய வீடியோ இருக்குமா, இருக்காதா என்பது முடிவாகிறது. பெரும்பாலும் அங்கே நடப்பது இதுதான்: கார்டைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்கள். மறுபடி கேமராவில் போட்டு, “வேலை செய்யுதா பாரு” என்று ரெண்டு போட்டோ எடுத்துப் பார்ப்பார்கள். யூடியூபில் பார்த்த ஏதோ ஒரு கமாண்டை ஓடவிடுவார்கள். கார்டு முதலில் பழுதானபோது போனதைவிட, இந்தப் பதற்றத்தில் போவதே அதிகம்.

செய்ய வேண்டியது மிகச் சுலபம். ‘வேண்டாம்’ என்று அழுத்தி, கார்டை எடுத்து, அதன் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடிவிட வேண்டும். பெரிய எஸ்டி கார்டு என்றால் பக்கவாட்டில் ‘லாக்’ என்று ஒரு நகரும் பொத்தான் இருக்கும். அதைக் கீழே தள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான். மீதி வேலையை மறுநாள் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

சிட்டா எரிந்தால் வயல் காணாமல் போகுமா?

கார்டில் இரண்டு விஷயங்கள் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்று, படம். இன்னொன்று, எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் பதிவேடு. கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்தில் சிட்டாவும் அடங்கலும் எரிந்துபோனால், வீராணம் தண்ணீரில் விளைந்து நிற்கும் நெல் வயல் காணாமல் போய்விடாது. வயல் அங்கேயேதான் இருக்கும். எது யாருடையது, எல்லை எங்கே என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். ‘கார்டு கரப்ட் ஆயிடுச்சு’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த வகைதான். கேமரா எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி செத்திருக்கும், அல்லது சிவப்பு விளக்கு மின்னும்போதே யாரோ கார்டைப் பிடுங்கியிருப்பார்கள். பதிவேட்டின் ஒரு பக்கம் பாதி எழுதியபடி நின்றுபோயிருக்கும்.

தெரியாமல் ‘டெலீட்’ செய்வதும் இப்படித்தான். 32 ஜிபி வரையிலான கார்டுகள் பொதுவாக ஃபேட்32 என்ற முறையில் பதிவேடு வைத்திருக்கும். அதில் ஒரு படத்தை அழித்தால், அதன் பெயரின் முதல் எழுத்து மட்டும் வேறு ஒரு குறியாக மாற்றப்படுகிறது. ‘இந்த இடம் காலி’ என்று பதிவேட்டில் எழுதப்படுகிறது. படத்தின் மீது கை வைப்பதில்லை. 64 ஜிபி, 128 ஜிபி கார்டுகளில் இருக்கும் எக்ஸ்ஃபேட் முறையிலும் ஏறத்தாழ இதே கதைதான். சாதாரண ஃபார்மேட் என்பதும் பழைய பதிவேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது நோட்டு வைப்பதுதான். (சில கேமராக்களில் ‘லோ லெவல் ஃபார்மேட்’ என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது வயலையே உழுதுவிடும். அதை டிக் செய்துவிட்டால் நம்பிக்கை குறைவு.)

ஆகவே அழிந்த கார்டில் படங்கள் உயிரோடுதான் இருக்கின்றன. ஆனால் ‘காலி’ என்று எழுதப்பட்ட இடத்தில் உயிரோடு இருக்கின்றன. அடுத்து எடுக்கும் ஒரே ஒரு போட்டோ அந்த இடத்தில் போய் உட்கார்ந்தால், பழையது நடைமுறையில் திரும்பாது. “வேலை செய்யுதா பாரு” என்று எடுக்கும் அந்த ரெண்டு போட்டோ எவ்வளவு விலை உயர்ந்தவை என்பது இப்போது புரியும்.

பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரியும்

பதிவேடு இல்லாமல் படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு ஜேபெக் படமும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். கம்ப்யூட்டர் மொழியில் எஃப்எஃப் டி8 என்ற இரண்டு பைட். முடியும்போது எஃப்எஃப் டி9. மீட்பு மென்பொருள் கார்டின் முதல் மூலையிலிருந்து கடைசி மூலை வரை நடந்து, இந்த ஆரம்பக் குறி எங்கெல்லாம் தெரிகிறதோ அங்கிருந்து வெட்டி எடுக்கிறது. பதிவேட்டைத் திரும்பியே பார்ப்பதில்லை.

இந்த வேலையைச் செய்யும் ‘போட்டோரெக்’ என்ற மென்பொருள் இலவசம். பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரேனியே எழுதியது, மூல நிரலும் திறந்தே இருக்கிறது. கேனான், நிக்கான், சோனி கேமராக்களின் ரா ஃபைல்களையும் அது அடையாளம் கண்டுபிடிக்கும். பார்ப்பதற்குத்தான் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துமாகப் பயமுறுத்தும். ‘சாஃப்ட்வேர் வாங்கணும், காசு ஆகும்’ என்று கேட்பவர்கள் முதலில் இதை முயன்று பார்க்கலாம். கட்டண மென்பொருள்களில் திரை அழகாக இருக்கும், முன்னோட்டம் காட்டும். ஆனால் ஆரம்பக் குறியைத் தேடி வெட்டி எடுக்கும் அடிப்படை வேலை ஒன்றுதான். ‘100 சதவீதம் ரெகவரி’ என்று போர்டு வைப்பவரிடம் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. கார்டைப் படித்துப் பார்க்காமல் சதவீதம் சொல்ல யாராலும் முடியாது.

மீட்ட படங்களுக்குப் பழைய பெயர் இருக்காது. எஃப் என்று தொடங்கி நீளமான எண்ணாக வரும். வரவேற்பும் தாலியும் பந்தியும் கலந்து கிடக்கும். பயப்பட வேண்டாம். எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். அதை வைத்து வரிசைப்படுத்திவிடலாம், கேமராவில் கடிகாரத்தைச் சரியாக வைத்திருந்தால். பேட்டரி மாற்றிய பிறகு தேதி கேட்கும்போது ‘ஓகே, ஓகே’ என்று தட்டிவிட்டுப் போகும் பழக்கத்துக்கு அன்றைக்குத்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

சில படங்களில் மேல் பாதி தெளிவாக இருக்கும், கீழ்ப் பாதி சாம்பல் நிறமாகவோ நிறம் மாறிப்போயோ இருக்கும். ஜேபெக் படம் மேலிருந்து கீழாகச் சங்கிலிபோலச் சுருக்கி எழுதப்படுவது. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குக் கீழே எல்லாமே குழம்பும். அந்தப் படத்துக்குள் சின்ன முன்னோட்டப் படம் ஒன்று தனியாக ஒளிந்திருக்கலாம். ரா ஃபைல் என்றால் அந்த முன்னோட்டமே ஆல்பத்தில் போடும் அளவுக்குப் பெரிதாக இருப்பதுண்டு. மீட்டுக் கொடுக்கிறவர் “பாதிதான் வந்துச்சு” என்றால், முன்னோட்டப் படத்தைத் தேடிப் பார்த்தாரா என்று கேட்கலாம்.

வீடியோ மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது?

கல்யாணத்தில் மொய் எழுதுவதை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். பை நிறைய கவர்கள் இருக்கின்றன. யார் எவ்வளவு என்பது நோட்டில் இருக்கிறது. எம்பி4 வீடியோவும் அப்படித்தான். படமும் ஒலியும் ஒரு பெரிய மூட்டையாகப் போய்க்கொண்டே இருக்கும். எந்தக் கணத்தின் படம் மூட்டையில் எங்கே இருக்கிறது என்ற கணக்கு ‘மூவ்’ என்ற தனிப் பகுதியில் இருக்கும். பல கேமராக்கள் இந்தக் கணக்கை, ரெக்கார்டிங்கை நிறுத்தும் பொத்தானை அழுத்திய பிறகுதான் எழுதி முடிக்கின்றன. கெட்டிமேளம் கேட்டுக்கொண்டிருக்கும்போது பேட்டரி போய்விட்டால்? கவர் எல்லாம் பையில் பத்திரமாக இருக்கிறது, நோட்டு மட்டும் எழுதப்படவே இல்லை. ஃபைல் 3 ஜிபி என்று காட்டும், ஆனால் எந்த பிளேயரிலும் ஓடாது.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. அதே கேமராவில், அதே ரெசல்யூஷன், அதே ஃபிரேம் ரேட்டில் எடுத்த, நன்றாக ஓடும் இன்னொரு வீடியோ வேண்டும். அதை மாதிரியாக வைத்து, ஓடாத வீடியோவின் கணக்கைப் புதிதாக எழுதலாம். ‘அன்ட்ரங்க்’ என்ற இலவச மென்பொருள் செய்வது இதைத்தான். முகூர்த்த வீடியோ போனாலும் முந்தின நாள் வரவேற்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று போதும். செட்டிங்ஸை மாற்றியிருந்தால், அதே செட்டிங்ஸில் புதிதாக ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வேறு கார்டில்.

இதற்கு நடுவே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஃபேட்32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால் 32 ஜிபி கார்டு போட்ட கேமரா நீளமான வீடியோவைத் துண்டு துண்டாகத்தான் வைக்கும். மாங்கல்யதாரணம் இரண்டு துண்டுகளில் பிரிந்து கிடக்கலாம். மேலும், காலியான கார்டில் கேமரா வரிசையாக எழுதிக்கொண்டே போகும். இடம் போதவில்லை என்று நடுநடுவே நாலு போட்டோவை அழித்து, அந்த ஓட்டைகளில் வீடியோவை எழுதவிட்டால், ஒரே வீடியோ கார்டு முழுக்கச் சிதறிவிடும். பதிவேடு போன பிறகு அந்தச் சிதறலைக் கோர்ப்பது மிகவும் கஷ்டம். கேமராவிலேயே உட்கார்ந்து ‘இது நல்லால்ல, இது நல்லால்ல’ என்று ஒவ்வொன்றாக அழிக்கும் பழக்கம் பெரிய கெடுதல்.

மீட்பு வேலையைத் தொடங்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. முதலில் கார்டை அப்படியே, காலி இடம் உட்பட, ஒரு பிரதி எடுத்துக் கம்ப்யூட்டரில் வைக்க வேண்டும். தேய்ந்த கார்டு என்றால், படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப்போய்ப் பிறகு திரும்பி வந்து முயலும் ‘டிடிரெஸ்க்யூ’ போன்ற கருவி உதவும். அதன்பிறகு எல்லாச் சோதனையும் அந்தப் பிரதி மீதுதான். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்கவே கூடாது. விண்டோஸின் ‘செக்டிஸ்க்’ கமாண்டைச் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்கள் நிறைய உண்டு. அது பதிவேட்டை ஒழுங்குபடுத்துகிற கருவி, படங்களைக் காப்பாற்றுகிற கருவி அல்ல. ஒழுங்குபடுத்துகிறேன் என்று அந்தக் கார்டிலேயே எழுதும். ஓட்டிப் பார்க்க ஆசையென்றால் பிரதியில் ஓட்டலாம்.

திரும்பாதவை

சில கார்டுகள் திரும்பாது. கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப் செத்துப்போனால் கம்ப்யூட்டருக்கு கார்டு இருப்பதே தெரியாது, அல்லது 0 பைட் என்று காட்டும். அங்கே எந்த மென்பொருளும் வேலை செய்யாது. தரவு மீட்பு ஆய்வகத்துக்குப் போக வேண்டும். மைக்ரோ எஸ்டி என்றால் இன்னும் சிரமம். எல்லாமே ஒரே வார்ப்பில் இருப்பதால் மேல் பூச்சைச் சுரண்டி, கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளில் கம்பி இணைத்துப் படிக்க வேண்டும். செலவும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

தண்ணீர் பட்ட கார்டு அவ்வளவு மோசமில்லை. தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த கடலூர் மாவட்டத்தில் இதைச் சொல்லியாக வேண்டும். அசையும் பாகம் எதுவும் இல்லாததால், நல்ல தண்ணீரில் நனைந்த கார்டை நிழலில் ஓரிரு நாள் நன்றாக உலர்த்திய பிறகு படிக்க முடிவது அபூர்வமல்ல. ஈரத்தோடு மாட்டிப் பார்ப்பதும் ஹேர் டிரையரைக் காட்டுவதும்தான் கெடுக்கும்.

எல்லாவற்றையும்விடக் கொடுமையானது போலி கார்டு. மேலே 128 ஜிபி என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது 16 ஜிபியாக இருக்கும். பொய்க் கணக்குச் சொல்லும்படி கார்டே மாற்றப்பட்டிருக்கும். 16 ஜிபி நிறையும் வரை எல்லாம் சரியாகப் போகும். அதன்பிறகு எழுதுவது பழையதன் மேலேயே விழும், அல்லது எங்கேயும் பதிவாகாது. பதிவேட்டில் மட்டும் ஃபைல் பெயர்கள் ஒழுங்காக ஏறிக்கொண்டே இருக்கும். வரவேற்பில் எந்தப் பிரச்சினையும் தெரியாமல், முகூர்த்தத்தில் மொத்தமாகக் காலை வாருவது இந்த வகைதான். எழுதப்படாததை யாராலும் மீட்க முடியாது. புதுக் கார்டு வாங்கியதும் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ அல்லது ‘எஃப்3’ என்ற இலவசக் கருவியில் ஒருமுறை முழுக்க எழுதிப் படித்துப் பார்த்தால் பொய் வெளிப்பட்டுவிடும். ஒரு ராத்திரி ஆகும். முகூர்த்த நாளுக்கு முந்தின வாரம் ஒரு ராத்திரி கிடைக்காமலா போகும்?

நிலவில் எடுத்த டேப்பும் அழிந்தது

இதுவரை சொன்னது தொழில்நுட்பம். ஆனால் கல்யாண வீடியோ தொலைவதற்குத் தொழில்நுட்பம் பாதிக் காரணம்கூட இல்லை என்பதே உண்மைக்குப் பக்கமான வாதம். காரணம், கார்டுகளின் சுழற்சி.

ஒரு கணக்கு. 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் நிமிடத்துக்கு 750 எம்பி. 64 ஜிபி கார்டு சுமார் 85 நிமிடத்தில் நிறைந்துவிடும். இரண்டு கேமரா, ஒரு மாலை, ஒரு காலை. எத்தனை கார்டு தேவைப்படும் என்று பார்த்துக்கொள்ளலாம். ஆடியிலும் மார்கழியிலும் வேலை இல்லை. தையும் வைகாசியும் ஆவணியும் வந்தால் ஒரே வாரத்தில் மூன்று முகூர்த்தம். ஞாயிற்றுக்கிழமை கீரப்பாளையத்தில் தாலி, திங்கள் மாலை சிதம்பரத்தில் வரவேற்பு. நள்ளிரவு 12 மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், ஒரு லேப்டாப்பில் ஒரே ஒரு பிரதி எடுத்துவிட்டு, கார்டை ஃபார்மேட் செய்கிறார்கள். சிலர் காப்பிகூட இல்லை, ‘கட்’ செய்து ஒட்டுகிறார்கள். நடுவில் லேப்டாப் அணைந்தால் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை.

இந்தத் தவறை உலகத்தின் மிகப் பணக்கார நிறுவனங்களும் செய்திருக்கின்றன. 1969 ஜூலையில் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்ததை நாசா தரையில் பெரிய காந்த டேப்புகளில் பதிவு செய்தது. டிவியில் உலகம் பார்த்ததைவிடத் தெளிவான அசல் அந்த டேப்புகளில் இருந்தது. பின்னாளில் அவற்றைத் தேடியபோது கிடைக்கவில்லை. நாசாவில் டேப் தட்டுப்பாடு வந்தபோது, பழைய டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள், அவற்றோடு இவையும் போயிருக்கும் என்பதுதான் 2009-ல் நாசா வந்த முடிவு. கார்டு பத்தாததால் பழைய கார்டை அழிக்கும் அதே கதை. கடைசியில் நிலவுப் பயணத்தின் வீடியோவை மெருகேற்ற உதவியது, டிவி நிறுவனங்கள் போன்றவற்றிடம் இருந்த ஒளிபரப்புப் பிரதிகள்தான்.

பிக்ஸாரின் கதை இன்னொரு விதம். ‘டாய் ஸ்டோரி 2’ படம் தயாராகிக்கொண்டிருந்தபோது 1998-ல் யாரோ ஓட்டிய ஒரு கமாண்டில் படத்தின் பெரும்பகுதி சர்வரிலிருந்து அழிந்துபோனது. பேக்கப் இருக்கிறது என்று நம்பியிருந்தார்கள். திறந்து பார்த்தால் அது சரியாக வேலை செய்திருக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்ததால் படம் பிழைத்தது. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931-ல் வந்தது. அதற்கு அப்படி ஒரு வீடு கிடைக்கவில்லை. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை.

பிரதி எடுத்தால் மட்டும் போதாது, திறந்து பார்க்க வேண்டும். மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் இரண்டு பிரதி இருக்க வேண்டும், இரண்டிலும் சில வீடியோவையாவது ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும், ஆல்பமும் வீடியோவும் கைக்குப் போகும் வரை ஒரு டிஸ்க் வேறு ஓர் இடத்தில் இருக்க வேண்டும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற விதியைப் பரவச் செய்த பீட்டர் குரோக் ஒரு புகைப்படக் கலைஞர்தான். இரண்டு கார்டு போடும் கேமரா வைத்திருப்பவர்கள் அதை ‘பேக்கப்’ என்று செட் செய்திருக்கிறார்களா, ‘முதல் கார்டு நிறைந்ததும் இரண்டாவது’ என்று விட்டிருக்கிறார்களா? கேட்டுப் பார்த்தால் பலர் கேமராவைத் திறந்து பார்த்துத்தான் சொல்வார்கள்.

போட்டோகிராபர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சமையல்காரருக்கும் பந்தலுக்கும் பேரம் பேசாமல் கொடுக்கிற வீடு, கேமராக்காரரிடம்தான் “கொஞ்சம் குறைச்சுக்கங்க தம்பி” என்று ஆரம்பிக்கிறது. டிரோன் இருக்கா, எல்இடி சுவர் இருக்கா என்று கேட்கிறது. “எத்தனை காப்பி எடுப்பீங்க?” என்று கேட்பதில்லை. கேட்காத சேவைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, காசு வராத வேலையை நள்ளிரவில் யாரும் செய்வதில்லை. டிரோனை விட்டுவிட்டு அந்தப் பணத்துக்கு நாலு நல்ல கார்டும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கிக்கொடுப்பது எந்தக் குடும்பத்துக்கும் நஷ்டமில்லை. ஹார்ட் டிஸ்க் கடைசியில் வீட்டுக்கே வந்துவிடும்.

இதில் போவது வெறும் வீடியோ இல்லை. கல்யாணத்துக்கும் ஆல்பம் கைக்கு வருவதற்கும் நடுவில் மூன்று, நான்கு மாதம் போய்விடுகிறது. மணமேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்த தாத்தா அதற்குள் இல்லாமல் போவது உண்டு. அவர் அட்சதை போட்ட கையின் நடுக்கம், “நல்லா இருங்கப்பா” என்ற குரல், இரண்டும் அந்தக் கார்டில் மட்டும்தான் இருந்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில் கவனக்குறைவு இருந்தால் அது சேவைக் குறைபாடு. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் கேட்கலாம். பில் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். அட்வான்ஸ் அனுப்பிய யுபிஐ பதிவையும் வாட்ஸ்அப் உரையாடலையும் ஆதாரமாகக் காட்டலாம். ஆனால் ஆணையம் பணத்தைத்தான் வாங்கித் தர முடியும். அட்வான்ஸ் கொடுக்கும்போதே, ‘ஆல்பம் டெலிவரி ஆகும்வரை ஒரிஜினல் ஃபைல்கள் இரண்டு இடத்தில் இருக்கும்’ என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்வது வழக்கைவிட மலிவு.

கார்டு யார் கையில் போகிறது?

இன்னொன்றும் பேசப்பட வேண்டும். பழுதான கார்டை மீட்கக் கடையில் கொடுக்கும்போது, அழிந்துபோனதாக நினைத்த எல்லாமும் சேர்ந்து மீண்டு வரும். போன வருடம் அழித்த குழந்தையின் குளியல் படமும், மனைவிக்கு மட்டும் அனுப்பிய படமும் கடைக்காரரின் கம்ப்யூட்டரில் போய் நிற்கும். 2018-ல் பிரிட்டனின் ஹெர்ட்ஃபோர்டுஷயர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய மெமரி கார்டுகள் 100-ஐ வாங்கிப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டில் முந்தைய உரிமையாளரின் தகவல்கள் இருந்தன. வீட்டிலேயே போட்டோரெக் ஓட்டுவதற்குச் செலவு குறைவு என்பது ஒரு காரணம் என்றால், இது அதைவிடப் பெரிய காரணம். கடையில்தான் கொடுக்க வேண்டும் என்றால், கூடவே உட்கார்ந்து, மீட்டதைச் சொந்த ஹார்ட் டிஸ்க்கில் வாங்கிக்கொண்டு, கடைப் பிரதியை அழிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வர வேண்டும். கூச்சப்படுகிற விஷயமே இல்லை.

போனில் அழிந்த படத்துக்கு இந்த வழிகள் எதுவும் பொருந்தாது. இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களின் உள் நினைவகம் பூட்டுபோட்டே எழுதப்படுகிறது, அழித்த இடமும் சீக்கிரமே துடைக்கப்பட்டுவிடும். பிளே ஸ்டோரில் இருக்கும் ‘டெலீட்டட் போட்டோ ரெகவரி’ ஆப்கள் பெரும்பாலும் எங்கோ மிஞ்சிய சின்னச் சின்ன முன்னோட்டப் படங்களைக் காட்டிவிட்டு, போனில் இருக்கும் எல்லாப் படத்துக்கும் அனுமதி வாங்கிக்கொள்ளும். முதலில் பார்க்க வேண்டியது கூகுள் போட்டோஸின் குப்பைத்தொட்டி. பேக்கப் ஆன படம் அங்கே 60 நாள் இருக்கும், பேக்கப் ஆகாதது 30 நாள். ஐபோனிலும் 30 நாள். அதுவும் போனால், அனுப்பிய வாட்ஸ்அப் குழுக்கள்.

மறுபடி அந்த மண்டபத்து மாடி அறை. கார்டு டப்பாவில் போய்விட்டது. மறுநாள் பிரதி எடுத்து, போட்டோரெக் ஓட்டினால் போட்டோக்களில் பெரும்பகுதி வந்துவிடலாம். வீடியோ சந்தேகம்தான். ஆனால் கீழே வேன் இன்னும் கிளம்பவில்லை. தாலி கட்டிய நேரத்தில் மேடையைச் சுற்றிக் குறைந்தது முப்பது போன்கள் உயர்ந்திருந்தன. மாப்பிள்ளையின் சித்தப்பா மகனிடம் 40 நொடி இருக்கும், பெண்ணின் தோழியிடம் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு நிமிடம் இருக்கும். குடும்ப குரூப்பில் இன்றைக்கே ஒரு மெசேஜ் போட வேண்டும்: “மேடைக்கிட்ட வீடியோ எடுத்தவங்க எல்லாரும் அனுப்புங்க. வீடியோவா அனுப்பாதீங்க, டாக்குமென்ட்டா அனுப்புங்க, குவாலிட்டி குறையாது.” நாளைக்குப் போட்டால், யாராவது ஒருவர் போனில் இடம் இல்லை என்று அழித்திருப்பார்.